கிரீம்ஸ் சாலைச் சந்தில் ஒன்பது நாட்கள்: நோயாளிக் குடும்பங்களுக்கான ஒரு விடுதி

மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகும் உடனே ஊர் திரும்ப முடியாதவர்களை நம்பியே நடக்கும் விடுதிகள், ஆயிரம் விளக்குப் பகுதியில் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் வரிசையாக இருக்கின்றன. இதய வால்வு மாற்றப்பட்ட என் பெரியம்மாவுடன் அவற்றுள் ஒன்றில் ஒன்பது நாட்கள் தங்கினேன். நாங்கள் அரியலூர்க்காரர்கள். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் விடுதியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அறைக்கு நாள் வாடகை 1,100 ரூபாய். மின் அடுப்புக்கும் பாத்திரங்களுக்கும் சேர்த்து 100 ரூபாய். கேன் தண்ணீருக்குத் தனிக் கணக்கு. அறை சிறியதுதான் என்றாலும் கட்டில்கள் உயரமாக இருந்தன. இதய அறுவைக்காக மார்பெலும்பு அறுத்துச் சேர்க்கப்பட்டவர்கள் சில வாரங்களுக்குக் கைகளை ஊன்றி எழக்கூடாது என்பதால், தாழ்ந்த கட்டிலில் படுத்தவரை எழுப்புவது எவ்வளவு பாடு என்பது உடனிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கட்டிலைத் தேர்ந்தெடுத்தவர் யாராயினும் அவருக்கு என் நன்றி.

பெரிய குறை மின்தூக்கி. இரவு பத்து மணிக்கு அதை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் நாள் இரவு பெரியம்மாவுக்குப் படபடப்பு வந்தபோது, சாவி வைத்திருந்த காவலாளியை எழுப்ப முடியாமல், அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் பக்கத்து அறைக்காரரும் தூக்கிக்கொண்டே இரண்டு மாடி இறங்கினோம். மறுநாள் கேட்டதற்கு மின் கட்டணத்தைக் காரணம் காட்டினார்கள். நோயாளிகளை மட்டுமே வாடிக்கையாளராகக் கொண்ட விடுதி இப்படிச் சொல்வதை ஏற்க இயலாது.

அந்தப் பக்கத்து அறைக்காரர் மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து மனைவியின் இதே சிகிச்சைக்காக வந்தவர்; ஊரில் வைத்திருக்கும் சிறு துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நாங்கள் கிளம்பிய அன்று அவர்களுக்கு அது முப்பத்தோராம் நாள். சிகிச்சை ஒன்றாக இருக்க, தங்கிய நாட்கள் ஏன் இவ்வளவு வேறுபட்டன என்பதைத்தான் அந்த விடுதியில் நான் கற்றேன். உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அளவு கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி. ஆகவே அளவு நிலைப்படும்வரை ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. அங்கேயே பரிசோதித்துக்கொள்ள முடியும் என்று நாங்கள் சொன்னதும் மருத்துவர் அனுப்பிவிட்டார். மால்டா நகரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தும், அவருடைய கிராமத்திலிருந்து அங்கே போய் வருவதே ஒரு நாள் பாடாம். அளவு நிலைப்பட்ட பிறகு கிளம்பலாம் என்று தங்கிவிட்டார். ஆக, ஒருவருடைய வட்டாரத்தில் எது கைக்கெட்டும், எது எட்டாது என்பதை இந்த விடுதியின் பதிவேட்டைப் புரட்டியே சொல்லிவிடலாம்.

எங்கள் அறைச் செலவு 9,900 ரூபாய், அவருடையது 34,100. சிகிச்சைக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எங்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் உடன் வந்தவரின் அறை வாடகை, பேருந்துக் கட்டணம், இழந்த கூலி ஆகியவற்றுக்கு எந்த அட்டையும் இல்லை. குடும்பச் செலவுகளைக் கணக்கெடுக்கும் ஒன்றிய அரசின் தேசிய மாதிரி ஆய்விலும் மருத்துவச் செலவு ஓரிடத்திலும், பயணம், தங்கல், உணவு ஆகியவை 'பிற செலவு' என்று வேறிடத்திலும்தான் பதிவாகின்றன. அந்தப் 'பிற'வில்தான் கிரீம்ஸ் சாலைச் சந்துகளின் பிழைப்பு நடக்கிறது.

1978இல் சங்கர நேத்ராலயாவும் 1983இல் கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோவும் தொடங்கப்பட்டன. அப்பல்லோவைச் சுற்றி மருந்துக்கடை, ஆட்டோ நிறுத்தம், வங்காளச் சாப்பாடு போடும் மெஸ், கடுகெண்ணெய் விற்கும் மளிகை என்று ஒரு சந்தையே வளர்ந்திருக்கிறது. இவற்றில் வேலை பார்ப்போருக்குச் சம்பளம். மால்டாவின் துணிக்கடைக்கோ ஒரு மாத விற்பனை இழப்பு. எங்கள் ஊரின் சுண்ணாம்புக்கல் சிமென்ட்டாகி இந்தச் சந்தின் மாடிகளை எழுப்பியிருக்கவும் கூடும். சிமென்ட் ஆலைகள் அத்தனை ஆண்டுகள் ஓடியும், அரசு மருத்துவக் கல்லூரி எங்களுக்கு 2022இல்தான் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ அறை கிடைத்தால் மட்டும் எடுங்கள். நாள் வாடகை 24 மணி நேரக் கணக்கா, நண்பகல் கணக்கா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; எங்களிடம் கடைசி நாளில் அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்டார்கள், வாதாடித்தான் கழித்தோம். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன், அந்த மூன்றில் ஒன்று கட்டிலுக்கு.