சிம் பீரோவில், நாங்கள் ஹேவ்லாக்கில்

ஆகஸ்ட்டில் அந்தமானா என்று கேட்காத ஆளே இல்லை. டிராவல்ஸ்காரர் கேட்டார், சென்னையில் சித்தி கேட்டாள், பாளையங்கோட்டையில் அம்மா அதையே அவள் பாணியில் கேட்டாள்: "ஏட்டி, குத்தாலத்துல சாரல் அடிக்கு, அதை விட்டுட்டு காசக் குடுத்து கடலுக்குள்ள போயி நனையணுமாக்கும்?"

எங்களுக்கு வேறு வழியில்லை. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கம் பள்ளிக்கூடப் பெரிய லீவு ஜூலைக் கடைசியில்தான் தொடங்கும், ஆறு வாரம். அதற்கு ஒரு நாள் முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினாலும் அபராதம் கட்ட நேரும், அங்கே பள்ளிக்குப் போவது சட்டக் கடமை. டிசம்பரில் கிடைப்பது இரண்டு வாரம், அது அம்மா வீட்டுக்கே காணாது. அதனால் மழையோ வெயிலோ எங்களுக்கு ஊர் என்றால் ஆகஸ்ட்தான். இந்தத் தடவை ஐந்து வாரம், அதில் ஐந்து நாள் அந்தமான் என்று கணக்கு. ஐந்து ஏழானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஊர். எங்கள் வீட்டில் நான் மட்டும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். ஜெர்மனி 2024 ஜூனில் இரட்டைக் குடியுரிமைக்கு வழிவிட்டது, இந்தியா விடவில்லை, எனவே வீட்டுக்காரர் நீலப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வாங்கிக்கொண்டார், பிள்ளைகளுக்கும் அதுவே. நான் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு வரிசை. சென்னையில் இறங்கியதும் அவர்கள் மூவரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மகன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

வெளியே வந்ததும் தொடங்கியது. வைஃபை பிடிக்க ஓடிபி வேண்டும், ஓடிபி வர இந்திய எண் வேண்டும், இந்திய எண் வாங்க உள்ளூர் ஆள் ஒருவருடைய எண்ணைக் கொடுக்க வேண்டும், அவருக்கு ஒரு ஓடிபி போகும். இரவு ஒரு மணிக்குத் தூங்கும் சித்தப்பாவை யார் எழுப்புவது? காசு கொடுத்து டாக்சி எடுத்தோம். மறுநாள் கடையில், "ஆதார் இருக்கா மேடம்?" இருக்கிறது, 2012இல் எடுத்தது. ஆனால் அதில் பதிந்த எண்ணை நான் விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இப்போது அது யார் கையில் இருக்கிறதோ. என் ஓடிபிகளையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக்கொண்டிருக்கிறார். கடைசியில் பாஸ்போர்ட், போட்டோ, சித்தப்பாவின் எண் எல்லாம் கொடுத்து சிம் உயிர்பெற ஒன்றரை நாள் ஆனது. என் போனில் இரண்டு சிம் போட இடமுண்டு. வீட்டுக்காரருடையது பழசு, ஒன்றுதான். அவருக்கும் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, ஜெர்மன் சிம்மைக் கழற்றி பாஸ்போர்ட் உறைக்குள் செருகினார். அந்த உறையை அம்மா தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள், பின்னால் பாஸ்போர்ட்டை மட்டும் உருவிக்கொண்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிக்கு வந்தே பாரத்தில் வந்தோம். எழும்பூரில் மதியம் ஏறி ராத்திரி இறங்கி வீட்டில் தோசை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் கரி படிந்து முகம் கழுவாமல் இறங்குவோம். பிள்ளைகளுக்கு இது சாதாரண ரயில், எனக்குத்தான் வாய் பிளந்தது.

பல் டாக்டர் விஷயம் வெளியூர்க்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே தேதி கேட்டால் அடுத்த பருவம் வந்துவிடும், இங்கே "இன்னைக்கு ஏழு மணிக்கு வாங்கம்மா" என்றார்கள். எனக்கு ஒரு வேர் சிகிச்சை, மகளுக்கு ஒரு அடைப்பு, அவருக்குக் கண்ணாடி. எல்லாம் ஒரே வாரத்தில். டவுன் பஸ்ஸில் அம்மாவோடு போனபோது கண்டக்டர் எனக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021இலிருந்து பெண்களுக்கு இலவசம். வீட்டுக்காரருக்கு முழு டிக்கெட், மகனுக்கு அரை. ஏன் நமக்கு மட்டும் காசு என்று அவன் ஜெர்மன் மொழியில் நியாயம் கேட்டான். அம்மா முகத்தில் ஒரு பெருமை, தானே பஸ்ஸை வாங்கி விட்டதுபோல.

பெரிய வேலை வங்கி. அப்பா என் பெயரில் போட்டுவைத்திருந்த வைப்புத்தொகை முதிர்ந்து கிடக்கிறது, அது வந்து சேர வேண்டிய என் சேமிப்புக் கணக்கு 2007இல் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது திறந்தது, இரண்டு வருடத்துக்கு மேல் கொடுக்கல் வாங்கல் இல்லாததால் முடங்கிவிட்டது. தவிர, வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரணக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. நான்கு தடவை போனேன். முதல் நாள் சிஸ்டம் படுத்துவிட்டது. இரண்டாம் நாள் அந்த ஆபீசர் லீவு. மூன்றாம் நாள் கையெழுத்து பொருந்தவில்லை.

பொருந்தாதுதான். 2007இல் நான் தமிழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பெயரில் ஒரு ழ உண்டு, அதன் வாலை இழுத்துக் கீழே ஒரு சுழி சுழித்து முடிப்பேன், அந்த வயதில் அது ஒரு கெத்து. ஜெர்மனி போனபின் பார்சல்காரன் இயந்திரத்தில் விரலால் கிறுக்கிக் கிறுக்கி என் கையெழுத்து ஒரு கோடாகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டர் திரையை லேசாக என் பக்கம் திருப்பினார், திருப்பக் கூடாது என்று நினைக்கிறேன், திருப்பினார். "இப்படிப் போட்டிருக்கீங்க பாருங்க. சலான் பின்னால போட்டுப் பழகிட்டு வாங்க." பெஞ்சில் உட்கார்ந்து ஏழெட்டு சலானின் முதுகில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். பக்கத்தில் ஓய்வூதியம் வாங்க வந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "வாலு இன்னும் கொஞ்சம் இறங்கணும் தாயி" என்றார். ஆறாவதோ ஏழாவதோ சரியாக விழுந்தது. நாலாம் நாள் படிவம் உள்ளே போனது, அடுத்த வாரம் எண்ணும் பதிவாகி, இளநீர்க் கடையில் செல்போனைக் காட்டிக் காசு கொடுத்தேன். அதுவரை ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி, சில்லறை இல்லை என்று எத்தனை கடையில் திரும்பியிருப்பேன்!

சரி, அந்தமான். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். ஊர்ப் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், ஆனால் ஆட்டோக்காரரிலிருந்து கடைப் பலகை வரை போர்ட் பிளேர்தான். நாங்கள் போகவிருந்த ஹேவ்லாக் தீவும் அப்படித்தான், 2018இலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது, யாரும் கூப்பிடக் காணோம். விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களை ஒதுக்கிப் படிவம் நிரப்பச் சொன்னார்கள், மூன்று பேருக்கும் அரை மணி நேரம். ஓசிஐ வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் நாலைந்து நகல் எடுத்துக்கொண்டு போங்கள், விடுதியிலும் கேட்பார்கள், கப்பல் டிக்கெட்டுக்கும் கேட்பார்கள்.

மொழிக் கவலையே இல்லை. 2011 கணக்கெடுப்பில் அங்கே ஏறக்குறைய 15 சதவீதம் தமிழர்கள். எங்கள் ஆட்டோக்காரரின் அப்பா பரமக்குடி, இவர் பிறந்தது அங்கேயே. வெற்றிமலை முருகன் கோயிலில் இறக்கிவிட்டு, "பொங்கல் வாங்கிட்டுத்தான் வரணும்" என்றார். செல்லுலார் சிறையில் மகள் ரொம்ப நேரம் பேசாமல் நடந்தாள். 1906இல் கட்டி முடித்தது, ஏழு சிறகில் இப்போது இருப்பது மூன்று. ஒரு அறைக்குள் போய் நின்று கதவின் தாழ் எங்கே என்று தேடினாள். தாழ் உள்ளிருந்து கை எட்டாத தூரத்தில், வெளிச் சுவருக்குள் ஒரு மாடத்தில் இருக்கிறது. கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை.

ஹேவ்லாக்குக்குப் போகும்போது தனியார் படகு, ஒன்றரை மணி நேரம், ஏசி, கொஞ்சம் ஆட்டம். சீசன் இல்லாததால் அறை வாடகை பாதிதான். ராதாநகர் கடற்கரையில் சிவப்புக் கொடி, அலையில் கால் நனைக்கலாம், இறங்கினால் காவலர் விசில் ஊதுகிறார். ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுகிறது. நம் கடிகாரம்தான், ஆனால் தீவு அவ்வளவு கிழக்கே இருக்கிறது. காலையிலும் ஐந்தேகாலுக்கு விடிந்து பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். மழை வரும்போது வருவது மழை இல்லை, யாரோ அண்டாவைக் கவிழ்ப்பது. நான் ரசித்தேன். மகன் கடற்கரையில் பொறுக்கிய சங்கை எல்லாம் திரும்ப வைக்கச் சொன்னேன், பவளம், சிப்பியெல்லாம் எடுத்துவரத் தடை, பெட்டியை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். அழுதான்.

நாலாம் நாள் மதியம் ஹேவ்லாக்கிலிருந்து கிளம்பி, ராத்திரி போர்ட் பிளேரில் தங்கி, காலையில் விமானம். இதுதான் திட்டம். படகுத்துறைக்கு வந்தால் அட்டையில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருந்தது, கடல் கொந்தளிப்பு, இன்று படகு இல்லை. மறுநாளும் சந்தேகம் என்றார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் கடலைப் பார்த்தால் யாரும் ஏறச் சொல்ல மாட்டார்கள். விமானத்தைத் தள்ளிப் போட்டால் முடிந்தது என்று அறைக்குத் திரும்பினோம். 2020இல் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டபின் தீவில் இணையம் பரவாயில்லை, மழையில் மட்டும் போய் வருகிறது. வீட்டுக்காரர் விமான நிறுவனச் செயலியைத் திறந்தார், தேதி மாற்று என்பதை அழுத்தினார். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்.

பதிவு செய்தது ஜெர்மன் எண். சிம் பாளையங்கோட்டையில், அம்மாவின் பீரோவில்.

அழைப்பு மையத்துக்குப் போட்டோம். பாட்டு, பாட்டு, அப்புறம் ஒரு பெண், மிகவும் மரியாதையாக: "பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும் சார், அதைச் சொன்னால்தான் மாற்ற முடியும்." சிம் வேறு ஊரில் இருக்கிறது என்று சொன்னோம். "புரிகிறது சார், அந்த எண்ணிலிருந்து அழையுங்கள்." எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, எல்லாம் இப்படித்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "சாப்ட்டியா?" சாப்பாடு விசாரணை முடிந்து, பீரோ திறந்து, உறையைத் தேடி, எதிர்வீட்டில் பன்னிரண்டாவது படிக்கும் பையனைக் கூப்பிட்டாள். அவன் தன் போனில் சிம்மைப் போட்டான். "அக்கா, பின் நம்பர் கேக்கு." ஆமாம், அந்த ஊர் சிம்முக்கு நாலு இலக்கப் பின் உண்டு, மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் எண் ஸ்டுட்கார்ட்டில் சமையலறை இழுப்பறையில். வீட்டுக்காரர் ஒன்று சொன்னார், தப்பு. இன்னொன்று சொன்னார், ரொம்ப உறுதியாக, அதுவும் தப்பு. இனி ஒன்றுதான். வெளியே மழை, கையில் ஒரே ஒரு புள்ளி சிக்னல். மகள் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள், "என் பொறந்த நாளைப் போடச் சொல்லுங்கப்பா, நீங்க எல்லாத்துக்கும் அதானே வைப்பீங்க." திறந்தது.

ஓடிபி வந்தது. அம்மா பையனிடமிருந்து போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தாள், "ஏழு... பூஜ்யம்... இரு, பேப்பர்ல எழுதிட்டுச் சொல்லுதேன்." எழுதி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டாவது தடவை பையன் வாசித்தான், விமானம் இரண்டு நாள் தள்ளிப் போனது.

கூடுதல் நாட்களுக்கு அறை வாடகையைக் குறைத்துத்தான் வாங்கினார்கள். விடுதிச் சமையல்காரம்மா ராமநாதபுரத்துக்காரர். ஹேவ்லாக்கில் பெரும்பாலும் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிகள், கடுகு அரைத்த மீன் எங்கும் கிடைக்கும், ருசிதான், ஆனால் இவர் அன்று ராத்திரி எங்களுக்குப் புளி ஊற்றி மீன்குழம்பு வைத்தார். "ரெண்டு நாள் மாட்டினாத்தான் தீவு தீவா இருக்கும்" என்றார்.

மறுநாளும் படகு வரவில்லை. அதற்கடுத்த நாள் அரசுக் கப்பல் போனது. விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசை, தீவுவாசிகளுக்கு முதல் இடம், அது நியாயம், அவர்களுக்கு ஆஸ்பத்திரியும் போர்ட் பிளேரில்தான். மிச்சத்தில் எங்களுக்கு நாலு கிடைத்தது. இரண்டரை மணி நேரம். மகன் என் மடியில் பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி, வீட்டுக்காரர் யார் மடியிலும் இல்லாமல், ஆனால் அதே பையோடு. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி இஞ்சி மிட்டாய் கொடுத்தாள். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: ஹேவ்லாக்கை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், விமானத்துக்கு முன்னால் முழுசாக இரண்டு நாள் போர்ட் பிளேரில் இருங்கள், சிம்மை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள்.

கிளம்பும்போது என் இந்திய சிம்மை அம்மாவின் பழைய பட்டன் போனில் போட்டு, ரீசார்ஜும் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். வங்கிக்கு அதுதான் எண், அது செத்தால் ழவும் போய்விடும். போன வாரம் வைப்புத்தொகைப் பணத்தை மாற்றுவதற்காக இங்கிருந்து வங்கிப் பக்கத்தைத் திறந்து, அம்மாவுக்குப் போன் செய்து, ஒரு நம்பர் வந்திருக்கும் வாசி என்றேன்.

"வந்திருக்கு. ஆனா யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு டிவில சொல்லுதான். உனக்குச் சொல்லலாமாட்டி?"