சாம்பியனா, எட்டு வயதுக்காரனா? டாபர்மேன் இணை தேடியபோது நான் போட்ட கணக்கு

என் டாபர்மேன் பெண் நாய் கயலுக்கு நாலு வயது ஆனபோது அவளிடம் ஒரே ஒரு ஈத்து எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆண் தேடி அலைந்ததில் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் இரண்டரை வயது சாம்பியன். ஷோ வளையத்துக்குள் நுழைந்தால் எல்லோர் கண்ணும் அவன் மேல்தான். இன்னொருவனுக்கு எட்டு வயது. பட்டம் எதுவும் கிடையாது. முகவாயில் நரை. அவனுடைய உரிமையாளர் என்னிடம் முதலில் காட்டியது புகைப்படத்தை இல்லை, ஆறு வருட ஹோல்டர் பதிவுகள் (நாள் முழுக்க உடலில் மாட்டி இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியின் தாள்கள்) அடங்கிய ஒரு கோப்பை. நான் தேர்ந்தெடுத்தது எட்டு வயதுக்காரனை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கும் சமமாக இருந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இடுப்பு எலும்பு எக்ஸ்ரே இருவருக்கும் சுத்தம். குணம் இருவருக்கும் நன்றாகவே இருந்தது: அந்நியர் வந்தால் எழுந்து நிற்பார்கள், உரிமையாளர் ஒரு வார்த்தை சொன்னால் படுத்துவிடுவார்கள். இரத்தம் உறையாமல் போகும் வான் வில்லிபிராண்ட் குறைபாட்டுக்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. சாம்பியனுக்கு அதில் குறை எதுவும் இல்லை. எட்டு வயதுக்காரன் கடத்தி, அதாவது அவனுக்கு நோய் வராது, ஆனால் குறையுள்ள பிரதி ஒன்று அவனிடம் இருக்கிறது. கயலுக்குக் குறை இல்லாததால் குட்டிகளில் ஒன்றுக்கும் அந்த நோய் வராது, சிலது கடத்தியாகப் பிறக்கலாம், அவ்வளவுதான். கடத்தி என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல நாயை ஒதுக்கிவிடுகிற பழக்கம் பல பேரிடம் இருக்கிறது. அப்படி ஒவ்வொரு நோய்க்கும் ஒதுக்கிக்கொண்டே போனால் ஏற்கெனவே சுருங்கிப்போன இனம் இன்னும் சுருங்கும். பரிசோதனை இருப்பதே சரியான ஜோடியைச் சேர்ப்பதற்காகத்தான்.

அழகில் சாம்பியன் ஜெயித்தான், சந்தேகமே இல்லை. நாய் இனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் தரநிலைப்படி ஆண் டாபர்மேனின் உயரம் 68 முதல் 72 செ.மீ. சாம்பியன் சரியாக 70. தலை, மார்பு, நடை எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. எட்டு வயதுக்காரன் 73 செ.மீ. கண் நிறமும் கொஞ்சம் வெளிர். ஷோக்களை நான் குறைத்துப் பேசவில்லை. பல் வரிசை, நடை, உடல்வாகு என்று ஒரு இனம் தன் உருவத்தை இழக்காமல் இருப்பதற்கு அந்த நடுவர்களின் கண்ணும் காரணம். ஆனால் 1 செ.மீ. உயரத்தையும் கண் நிறத்தையும் அடுத்த தலைமுறையில் பார்த்துச் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். இதயத்தை அப்படிச் செய்ய முடியாது. அதே எஃப்.சி.ஐ. தரநிலையின் கடைசியில், உடல் ஆரோக்கியமும் இனத்துக்குரிய அமைப்பும் உள்ள நாய்களை மட்டுமே இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. மற்ற எல்லா வரியையும் அளவுகோல் வைத்துப் பார்க்கிறோம். இந்த வரியை மட்டும் யாரும் அளப்பதாகத் தெரியவில்லை.

இனி வயது. என் முடிவு முழுக்க இதில்தான் நின்றது.

டாபர்மேன் வளர்ப்பவர்களுக்கு டி.சி.எம். என்ற பெயர் புதிதில்லை. இதயத் தசை தளர்ந்து, அறைகள் விரிந்து, துடிப்பு தாறுமாறாகும் நோய். பல நாய்களிடம் வருடக்கணக்கில் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. ஓடும், சாப்பிடும், விளையாடும், ஒருநாள் அப்படியே சரிந்துவிடும். கயலுக்கு முன்னால் என்னிடம் இருந்த பீமா ஆறு வயதில் அப்படித்தான் போனான். காலையில் வாசல்வரை என்னோடு வந்தவன், மதியம் இல்லை. அவனுடைய அப்பா பெயர்பெற்ற சாம்பியன். பீமா பிறந்தபோது அந்த அப்பாவுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. அவனும் ஆறு வயதைத் தாண்டவில்லை என்பது எனக்குத் தெரியவந்தது பீமாவைப் புதைத்த பிறகு.

ஜெர்மனியில் 412 டாபர்மேன்களைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மொத்தத்தில் 58 சதவீத நாய்களுக்கு வாழ்நாளில் இந்த நோய் வருவதாக அதில் கண்டார்கள். என்னை உலுக்கியது மொத்தக் கணக்கு இல்லை, வயதுவாரியாகப் பிரித்த கணக்குதான். ஒன்று முதல் இரண்டு வயது நாய்களில் 3.3 சதவீதம். நாலு முதல் ஆறு வயதில் 12.5. ஆறு முதல் எட்டு வயதில் 43.6. அதாவது இரண்டரை வயது நாயின் எக்கோ, இதயத்தின் ஸ்கேன், நன்றாக இருக்கிறது என்றால், பின்னால் நோய் வரப்போகிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருக்கும். அந்தச் சான்றிதழ் பொய்யில்லை, உண்மையான பரிசோதனைதான். ஆனால் நான் கேட்கிற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. எட்டு வயதில் ஒரு முழு நாள் ஹோல்டர் மாட்டி, துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று வருகிற தாளில் கொஞ்சமாவது பதில் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 300க்கு மேல் இடைத்துடிப்பு, அதாவது ஒழுங்கு தவறி முன்கூட்டியே வரும் துடிப்பு, வந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவனுடைய ஆறு பதிவுகளிலும் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை.

இதற்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறதே, வயதுவரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் நம்பினேன். 2012இல் அமெரிக்காவில் பி.டி.கே.4 என்ற மரபணு மாற்றத்தை இந்த நோயோடு தொடர்புபடுத்தினார்கள். ஐரோப்பிய டாபர்மேன்களில் தேடியபோது அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. ஒரு மரபணுவை மட்டும் பார்த்து முடிவு செய்கிற நோய் இது இல்லை. இரத்த உறைவுக் குறைபாட்டைப்போல உண்டு, இல்லை என்று ஒரு தாளில் எழுதித்தரும் வசதி இதற்குக் கிடையாது.

அடுத்த கணக்கைப் பாருங்கள். ஒரு சாம்பியன் இரண்டு வயதில் இணை சேர ஆரம்பிக்கிறான். வருடத்துக்கு ஐந்து ஈத்து, ஈத்துக்கு எட்டுக் குட்டி என்று வைத்தால் ஆறு வயதுக்குள் 160 குட்டிகள். அவனுக்கு நோய் தெரியவரும்போது அந்தக் குட்டிகளில் மூத்தவை தாங்களே குட்டி போட்டிருக்கும். ஒவ்வொரு குட்டியும் அவனுடைய மரபணுவில் பாதியைச் சுமக்கிறது. அப்போது யாரும் எதையும் திரும்பப் பெற முடியாது. அவனுடைய உரிமையாளர் கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. எல்லோரும் அழகான ஒரே நாயைத் தேடிப் போவதாலும், இளமையிலேயே போவதாலும் நடக்கிறது.

வயதுக்குக் காத்திருப்பதால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வேறு ஒரு இனத்தின் அனுபவத்தைச் சொல்கிறேன். கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் நாய்களுக்கு இதய வால்வு நோய் அதிகம். டென்மார்க்கில் அந்த இனத்துக்கு இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கினார்கள். ஒருமுறை பார்த்ததோடு விடாமல், வயது கூடிய பிறகு மறுபடியும் பார்த்தார்கள். எட்டுப் பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, அந்தத் திட்டத்துக்குள் பிறந்த நாய்களுக்கு நோய்க்கான ஆபத்து 73 சதவீதம் குறைந்திருந்தது. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. ஸ்டெதாஸ்கோப்பும் எக்கோவும் பொறுமையும்தான். டாபர்மேன் பக்கத்திலும் முயற்சி இருக்கிறது. அமெரிக்காவின் டாபர்மேன் பின்ஷர் கிளப், பத்து வயதைத் தொட்ட நாய்க்கு நீண்ட ஆயுள் சான்றிதழ் தருகிறது. பெடிக்ரி என்கிற வம்சாவளித் தாளில் சாம்பியன் என்ற அடைமொழியைத் தேடுகிற கண் இப்போதெல்லாம் எனக்கு இதைத்தான் முதலில் தேடுகிறது.

பெண் நாயிடம் இதே விதியைப் போட முடியாது. எட்டு வயதுவரை காத்திருந்து முதல் ஈத்து எடுப்பது அவள் உயிரோடு விளையாடுவது. இங்கிலாந்து கென்னல் கிளப் எட்டு வயது தாண்டிய தாயின் குட்டிகளைச் சாதாரணமாகப் பதிவு செய்வதில்லை. அதனால் கயலின் பக்கம் நான் அவள் அம்மாவைப் பார்த்தேன்: ஒன்பது வயது, ஹோல்டர் சுத்தம், இன்னும் வேலி தாண்டுகிறாள். கயலோடு கூடப் பிறந்த ஆறு பேரில் ஐந்து பேரின் நிலவரம் கிடைத்தது, ஆறாவது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. பெண்ணின் பக்கம் சாட்சி இவ்வளவுதான் கிடைக்கும் என்றால், ஆணின் பக்கமாவது முழுசாக வேண்டும். எட்டு வயதுக்காரனின் அப்பா பன்னிரண்டு வயதுவரை இருந்தான், அம்மா பதினொன்று.

உறவு நெருக்கமும் ஒரு காரணம். சாம்பியனின் தாத்தாதான் கயலின் அப்பா. இந்த ஒரு வழியில் மட்டும் குட்டிகளின் உள்ளினக் கெழு, அதாவது உறவுக்குள் சேர்வதால் ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு, 6.25 சதவீதம். லைன் பிரீடிங், அதாவது ஒரே வம்சத்துக்குள் இணை சேர்ப்பதைச் செய்கிறவர்களுக்கு இது சாதாரணம், நல்ல குணத்தை இறுக்கிப் பிடிக்கிறோம் என்பார்கள். நல்லதை மட்டும் பொறுக்கி இறுக்க வழியில்லை, ஒளிந்திருக்கும் கெட்டதும் கூடவே இறுகும். தவிர, ஐந்து தலைமுறைக் காகிதத்தில் தெரிவது பாதி உண்மை. 2021இல் 227 இனங்களின் மரபணுவை நேரடியாகப் பார்த்த ஆய்வில் சராசரியே 25 சதவீதம் என்று வந்தது, உடன்பிறந்த இருவரைச் சேர்த்தால் பிறக்கும் குட்டியின் அளவு அது. டாபர்மேன் அந்தச் சராசரிக்கும் மேலே இருக்கிற இனம். எட்டு வயதுக்காரனுக்கும் கயலுக்கும் ஆறு தலைமுறைவரை பொதுவான பெயர் ஒன்றும் இல்லை.

சரி, அவனை எடுத்ததில் கஷ்டம் இல்லையா? இருந்தது. வயதான ஆணின் விந்தில் உயிரணுக்களின் ஓட்டம் குறையும், புராஸ்டேட் வீக்கம் வரும். கயல் சூட்டுக்கு வந்தபோது முதல் முறை சேர்த்ததில் கரு தங்கவில்லை. அடுத்த சூட்டுக்கு ஏழு மாதம் காத்திருந்தேன். இரண்டாம் முறை இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவு பார்த்து நாள் குறித்து, கால்நடை மருத்துவர் செயற்கைக் கருவூட்டல் செய்தார். ஐந்து குட்டிகள். சாம்பியன் என்றால் எட்டோ ஒன்பதோ வந்திருக்கலாம், குட்டி கேட்டு வருகிறவர்களும் அதிகம் இருந்திருப்பார்கள். குட்டியை விற்றுச் செலவை ஈடுகட்ட நினைப்பவருக்கு என் வழி கட்டுப்படியாகாது. இதை மறைக்க விரும்பவில்லை.

சாம்பியனின் உரிமையாளரிடம் நான் ஒன்று கேட்டுப்பார்த்தேன். இப்போதே அவன் விந்தை எடுத்து உறையவைத்துவிட்டு, அவனுக்கு ஏழெட்டு வயது ஆன பிறகு இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பயன்படுத்தலாமே என்று. இளமையின் வீரியமும் கிடைக்கும், வயதின் சாட்சியும் கிடைக்கும். அவர் கவனமாகக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லவில்லை. உறைந்த விந்தில் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது. கருவூட்டும் நேரம் கொஞ்சம் தவறினாலும் வீணாகும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஆனாலும் இரண்டு வாய்ப்புகளின் நல்லதையும் சேர்க்கும் வழி இதுதான் என்று தோன்றுகிறது.

மூன்றாவது வழி ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது: வேறு இனத்தைக் கலப்பது. டால்மேஷன் இனம் முழுவதும் யூரிக் அமிலச் சிக்கல் பரவி, சிறுநீர்க் கல் வந்துகொண்டிருந்தது. இனத்துக்குள் சரியான மரபணுவே மிச்சமில்லை. 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்துவந்தார்கள். உருவம் முழுக்க டால்மேஷன், சரியான மரபணு மட்டும் பாயின்டரிடமிருந்து. அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றைப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது 2011இல். கிட்டத்தட்ட 40 வருடக் காத்திருப்பு. டாபர்மேனுக்கு இது அப்படியே பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. டால்மேஷனில் குறிவைக்க ஒரே மரபணு இருந்தது, இங்கே அப்படி இல்லை. தனி ஆள் ஒரு ஈத்தில் செய்கிற காரியமும் இல்லை, பல பிரீடர்கள் ஒன்றாக நின்று பல தலைமுறை செய்ய வேண்டியது. ஆனால் பேச்சை எடுத்தாலே இனத் துரோகம் என்று வாயை அடைப்பது எனக்கு ஏற்பில்லை. டாபர்மேனே 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அபோல்டா ஊரில் பல நாய்களைக் கலந்து உருவான இனம்தானே.

எட்டு வயதுக்காரன் இப்போது பத்து வயதில் இருக்கிறான், போன மாத ஹோல்டரும் சுத்தம். அவன் வயதிலும் இந்த நோய் புதிதாக வரும், அதனால் நான் எடுத்த முடிவு சரி என்று இன்று சத்தியம் செய்ய மாட்டேன். ஐந்து குட்டிகளையும் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன்: மூன்று வயதிலிருந்து வருடம் ஒரு ஹோல்டர், ஒரு எக்கோ, முடிவு நல்லதோ கெட்டதோ எனக்கு ஒரு பிரதி. அதற்கு முன் யாரும் இணை சேர்ப்பதில்லை. வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் என்னிடமே திரும்பி வர வேண்டும். இரண்டு பேர் இந்த நிபந்தனையைக் கேட்டுவிட்டுக் குட்டி வேண்டாம் என்று போனார்கள். குட்டிகளுக்கு இப்போது ஒன்றேகால் வயது. முதல் ஹோல்டர் தாள் கைக்கு வர இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும்.