சவுத் கைபாபா, பிரைட் ஏஞ்சலா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போக மருந்துவாழ் மலையில் ஏறிப் பழகும் நாகர்கோவில்காரர்களுக்கு: மேல் விளிம்பிலிருந்து அடியில் ஓடும் கொலராடோ ஆறுவரை இறங்கும் இரு பாதைகளில், சவுத் கைபாப் சுமார் 11 கி.மீ., நல்ல செங்குத்து, வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிரைட் ஏஞ்சல் 15 கி.மீ. வரும், ஆனால் நடுவில் ஹவசுபாய் கார்டன்ஸில் மரநிழலும் குழாய்த் தண்ணீரும் உண்டு (குழாய் உடைந்தால் அதுவும் நின்றுவிடும், கிளம்பும் முன் விசாரியுங்கள்). சவுத் கைபாபில் இறங்கி பிரைட் ஏஞ்சலில் ஏறுவதுதான் சரி, ஏனென்றால் நம் மலையில் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம், அங்கே இறங்கிக் களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும், நிழலும் தண்ணீரும் அப்போதுதான் வேண்டும். இறக்கத்தில் முழங்கால்தான் அடி வாங்கும், அதனால் பை நிறையத் தண்ணீர் பாட்டிலோடு இறங்கிப் பழகுங்கள். அப்புறம், நம்மூர்ப் புழுக்கத்தில் சட்டை நனையும். அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு தண்ணீரும் உப்பும் இழப்பதே தெரியாது, உப்புக்கடலை கையில் இருக்கட்டும்.