மதுரையிலிருந்து லடாக்: சொந்த கார், சொந்த டென்ட் – பல வருடப் பயன்பாட்டில் எது நின்றது, எது கெட்டது

டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, பாய் என்று வாங்கி லடாக்குக்கு காரில் போய் வருகிறவர்களிடம், அந்தப் பொருள்கள் மலையில் இருப்பது வருடத்தில் சில வாரம்தான். மிச்ச காலம் முழுக்க மதுரை வீட்டுப் பரணில், மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே, ஏப்ரல் மே வெக்கையில் வேகின்றன. வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு எங்களுக்குத் தெளிவாகத் தெரிவது இது: 4,500 மீட்டர் உயரத்தில் கைவிடுகிற பொருள் பெரும்பாலும் ஊரிலேயே கெட்டுப்போனது. அதனால் இங்கே மலையைப் பற்றி எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு மதுரையைப் பற்றியும் இருக்கும். நான்கு பேர், ஒரு டீசல் கார், இருவர் படுக்கும் டென்ட் இரண்டு, செப்டம்பர் மாதம் என்ற கணக்கில் எழுதுகிறோம்.

முதலில் வழி. மதுரையைத் தொட்டுப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிறது. மொத்தம் 3,700 கி.மீ.க்கு மேல். நம் ஊரிலிருந்து சுமார் 3,500 கி.மீ. திண்டுக்கல், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். நாளைக்கு 550 கி.மீ. ஓட்டினால் ஏழாம் நாள் ஸ்ரீநகர்.

பலர் மணாலி போய் அங்கிருந்து லடாக்கின் தலைமை ஊரான லேவுக்கு ஏறுகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவதே சரி. பகலில் எவ்வளவு உயரம் தொடுகிறோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதைத்தான் உடம்பு கணக்கு வைக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதலாக ஓர் இரவு அதே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் நிலைபெற்ற விதி. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனாமார்க் சுமார் 2,700, கார்கில் 2,676, லே 3,500. படி படியாக ஏறுகிறது. மணாலி வழியில் ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். அடுத்த இரவு சர்ச்சு என்று திட்டம் போட்டால் 4,290. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல். சர்ச்சுவில் நடுராத்திரி மண்டையைப் பிளக்கும் வலியோடு எழுகிறவர்கள் அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கார்கிலிலிருந்து லேவுக்கும் 800 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. ஆகவே லேயில் முதல் இரண்டு நாள் எங்கும் சுற்றக் கூடாது. மொத்தம் மூன்று இரவு லேயில், பிறகு இரண்டு இரவு நுப்ரா பள்ளத்தாக்கில் (ஹுண்டர் பக்கம் சுமார் 3,100 மீட்டர்), அதற்குப் பிறகுதான் 4,250 மீட்டரில் இருக்கும் பாங்காங் ஏரி. இந்த ஏற்றமும் அந்த 500 மீட்டர் விதியைத் தாண்டுகிறதுதான்; அதற்காகத்தான் முன்னால் ஐந்து இரவு பழக்கம். இப்படிப் பழகிய உடம்போடு இறங்கும் வழியில் மோரே சமவெளியிலோ சர்ச்சுவிலோ டென்ட் போட்டால் தூக்கம் வரும். தலைவலியோடு வாந்தியும் இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை மதுரையிலேயே மருத்துவரைப் பார்த்து, அளவு கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செப்டம்பரைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணம். மணாலி–லே சாலை பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் குலு பக்கம் மண்சரிவு. 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் அந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்தே போட்டது. மூன்றாவது காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: மே, ஜூனில் புறப்பட்டால் ஹைதராபாத், நாக்பூர் வெயிலைக் கடந்துதான் போக வேண்டும். மூடிய டிக்கிக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும். கேஸ் குப்பியின் மேல் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருப்பார்கள். காற்றடிக்கும் மெத்தையின் உள்ஒட்டும் அந்தச் சூட்டில்தான் விடுகிறது.

இனி டென்ட். மேல்விரிப்பின் உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். மழை உள்ளே வராமல் தடுப்பது அதுதான். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்லச் சிதைகிறது. மதுரைப் பரணில் இரண்டுமே தாராளமாகக் கிடைக்கின்றன: சித்திரையில் சூடு, ஐப்பசியில் ஈரம். மூன்று நான்கு வருடத்தில் துணி கையில் பிசுபிசுவென்று ஒட்டும், மடிப்பைப் பிரித்தால் புளித்த வாடை அடிக்கும், தையல் மேல் ஒட்டிய நாடா உரிந்து வரும். அந்த நிலைக்கு வந்ததைச் சரிசெய்ய வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய நைலானுக்கு இந்தச் சிதைவு வராது. விலை கூடுதல், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் கடைசியில் லாபம். கம்புகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறும் வெக்கையில் தொய்ந்துபோகும். பழையதை உருவிவிட்டு அதே தடிமனில் புதுக்கயிறு கோப்பது அரைமணி நேர வேலை.

டென்டோடு வரும் கம்பி முளைகளை லடாக்குக்குக் கொண்டுபோகவே வேண்டாம். தரை முழுக்கக் கல்லும் சரளையும், அடித்த வேகத்தில் வளைந்துவிடும். இரும்புக்கடையில் கிடைக்கும் ஆறு அங்குலக் கட்டட ஆணி ஒரு கிலோ போதும். ஆணி இறங்காத இடத்தில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல். பிற்பகலில் மோரே போன்ற உயரச் சமவெளியில் காற்று வெறிகொண்டு அடிக்கும், ஆகவே காற்று வரும் பக்கத்தில் காரை நிறுத்தி, ஒரு கயிற்றைச் சக்கரத்தில் கட்டுங்கள். பகலில் டென்டை விரித்தே வைத்துவிட்டுச் சுற்றப் போகாதீர்கள். 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் வீதம் புற ஊதாக்கதிர் கூடிக்கொண்டே போகும். நைலானின் பலத்தை அது தின்றுவிடும்.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் படிப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கொட்டை எழுத்தில் மைனஸ் 10 என்று போட்டிருப்பது பல சமயம் உயிர் தங்கும் எல்லை; தூக்கம் வரும் வெப்பநிலை அல்ல. கம்ஃபர்ட் என்று தனியாகக் கொடுத்த எண்ணை மட்டும் பாருங்கள். செப்டம்பரில் சர்ச்சு, மோரே பக்கம் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதால் கம்ஃபர்ட் மைனஸ் 5 வேண்டும். வாத்து இறகு அடைத்ததை அழுத்திச் சுருட்டிய பையிலேயே வருடம் முழுக்க வைத்தால் இறகு உப்பும் தன்மையை இழந்துவிடும். பெரிய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு பீரோவில் தொங்கவிட வேண்டும். நாஃப்தலின் உருண்டை வேண்டாம். அந்த வாடை துணியை விட்டுப் போகாது, மூடிய டென்டுக்குள் அதை இரவு முழுக்கச் சுவாசிக்க நேரும்.

கீழே விரிப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் உடல்எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் தரைக்குளிரைத் தடுப்பது பாய் மட்டுமே. காற்று மெத்தை இரண்டு மூன்று வருடத்தில் ஒட்டு விட்டு நடுவில் புடைத்துக்கொள்கிறது. 10 மில்லிமீட்டர் மூடிய நுரைப்பாய் (யோகா பாய் வகை, ஆனால் இன்னும் கெட்டியானது) வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது. இரண்டு பாயை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் மெத்தையே தேவையில்லை. இந்த முழுப் பட்டியலில் பணத்துக்கு அதிகப் பயன் கொடுத்த பொருள் இதுதான்.

அடுப்பு விஷயத்தில் விஞ்ஞானம் தெரியாவிட்டால் பட்டினிதான். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நீளக் குப்பி கேஸ் பெரும்பாலும் பியூட்டேன். கடல்மட்டத்தில் அதன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி; உயரத்தில் அது இன்னும் இறங்கும், ஆனால் எரிய எரியக் குப்பியும் குளிர்ந்துகொண்டே போகும். கொதிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும், ஆவியாகி மேலே வராது. குப்பியைக் குலுக்கினால் கேஸ் இருக்கும், அடுப்போ எரியாது. கொடைக்கானலில் இது தெரியவே தெரியாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரையும், புரொப்பேன் மைனஸ் 42 வரையும் ஆவியாகும் என்பதால் அந்தக் கலவைக் குப்பியே வாங்க வேண்டும். லே, மணாலி மலையேற்றக் கடைகளில் கிடைக்கும். ரயிலில் கேஸ் எந்த வடிவிலும் கூடாது. பொருள்களைப் பாதித் தூரம் ரயிலில் அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும். குப்பி குளிர்ந்து தீ சிறுத்தால் வெதுவெதுப்பான தண்ணீர்த் தட்டில் அதை நிறுத்துங்கள். டென்டுக்குள் அடுப்போ கரிக்கணப்போ வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

சமையலுக்கு மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் கட்டாயம். 4,300 மீட்டரில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கரும் ஊரில் போல இருக்காது: வெயிட், வெளிக்காற்றைவிட இவ்வளவு அழுத்தம் அதிகம் என்றுதான் பிடித்து வைக்கும், வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் இங்கே 120 டிகிரி எட்டும் குக்கர் அங்கே 113 டிகிரியில் நின்றுவிடும். இங்கே மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து. பருப்பைக் காலையிலேயே டப்பாவில் ஊறப்போட்டுக் காரில் வைத்துவிட்டால் சாயங்காலம் கேஸ் மிச்சம். இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது. கீழமாசி வீதியில் அவல், ரவை, பாசிப்பருப்பு வாங்கி, வீட்டில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் தயார்செய்துகொண்டால் நான்கு பேருக்கு மலைநாள்கள் முழுக்க ஓடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும், நல்லெண்ணெய் எடுங்கள். மூடி ஒட்டிய பாக்கெட்டுகள் எல்லாம் மேலே போகப்போக உப்பும். ஊசியால் குத்தி டப்பாவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

காரில் மதுரைப் பழக்கம் ஒன்று ஆபத்து: ரேடியேட்டரில் குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றுவது. புறப்படும் முன் முழுவதும் வடித்துவிட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். அந்தக் கலவை மைனஸ் 37 வரை உறையாது. கண்ணாடி கழுவும் தண்ணீரையும் மாற்ற வேண்டும். பேட்டரியை வெயில் தின்றுவிடும், குளிர் அதைக் காட்டிக்கொடுக்கும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை ஊரிலேயே மாற்றிவிடுங்கள்.

டயர் காற்றில் பெரிய குழப்பம் இருக்கிறது. மேலே போனால் காற்று ஏறும் என்று எல்லாரும் கொஞ்சம் இறக்கிவிடுகிறார்கள். மதுரையில் 35 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ அடித்த டயர், 4,300 மீட்டரில் பூஜ்ய டிகிரி அதிகாலையில் ஏறக்குறைய அதே 33தான் காட்டும். வெளி அழுத்தம் குறைவதால் ஏறும் 6 பிஎஸ்ஐயைக் குளிர் தின்றுவிடுகிறது. மதியம் 20 டிகிரி வந்தால் 36, 37. ஆகவே காலையில் டயர் ஆறியிருக்கும்போது சொந்த அளவுமானியால் பார்த்து, நிறுவனம் சொன்ன அளவில் வையுங்கள். மதியம் ஏறியதைப் பார்த்து இறக்கினால் மறுநாள் காலை டயர் தளர்ந்து, கூர்க்கல்லில் பக்கச்சுவர் கிழியும்.

லேயிலிருந்து இறங்கும்போது கடைசியாக லேயிலோ, அடுத்து வரும் காரு என்ற ஊரிலோ டேங்க் நிரப்புங்கள். மறுமுனையில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று பலகை வைத்த புகழ்பெற்ற நீளம் இதுதான். சமவெளியில் லிட்டருக்கு 16 கொடுக்கும் கார் இங்கே 12 கொடுத்தால் 30 லிட்டர் போய்விடும். டேங்க் 40 லிட்டருக்குக் குறைவென்றால் பத்து லிட்டர் கேன் ஒன்று கூடவே இருக்கட்டும். சாலையைக் குறுக்கிடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் அதே ஓடையில் தண்ணீர் இரட்டிப்பாகும். பயணம் முழுக்க சுமார் 8,200 கி.மீ., டீசல் 510 லிட்டருக்கு மேல்.

வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. இரண்டு பேராவது போஸ்ட்பெய்டுக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள்.

புதுப்பொருளை நேராக லடாக்கில் பிரிக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் மேல்மலையில், 2,000 மீட்டரில், இரவு பத்து டிகிரிக்குக் கீழே போகும்போது ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். தோட்டக்காரரின் அனுமதியோடு தனியார் நிலத்தில் மட்டும். காட்டுக்குள் கூடாது, தீ மூட்டவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களை எப்படி விழுங்கியது என்பது நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் கால் சில்லிட்டால் லடாக்கில் தூங்க முடியாது, பாயைக் கூட்டுங்கள்.

திரும்பி வந்த மறுநாளே செய்ய வேண்டியது: டென்டைச் சோப்புத்தூள் இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஜிப் பற்களில் சிக்கிய மணலைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டு மெழுகுவர்த்தியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். இறுக்கிச் சுருட்டாமல் பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, பரணுக்கு ஏற்றாமல், வெயில் படாத அறையின் பீரோ அடித்தட்டில் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்து. மாசியில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை எடுத்து விரித்து, காற்றாட விட்டு, மேல்விரிப்பின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒட்டினால் அந்த வருடப் பட்டியலில் முதல் பொருள் புது டென்ட்.