ஸ்மார்ட் ஃபிரிட்ஜா, சாதாரண இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜா? பத்தாவது வருடத்தில் நின்று பார்த்தால்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவில் தொடுதிரையும் உள்ளே கேமராவும் வைஃபையும் கொண்ட ஃபிரிட்ஜ் ஒரு பக்கம், அதே கொள்ளளவில் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் (தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை) மட்டும் உள்ள சாதாரண ஃபிரிட்ஜ் மறுபக்கம் என்றால், நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன். கூடவே தனியாக ஒரு வெப்பநிலை சென்சார் வைத்துக்கொண்டால் போதும். ஸ்மார்ட் ஃபிரிட்ஜ் உருப்படியாகச் செய்கிற வேலை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். ஒரு விஷயத்தில் அதைவிட நன்றாகவும் கிடைக்கும்.

குளிர்விப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் ஒரே அளவு மாடல்களில் கம்ப்ரசர், கண்டென்சர், மின்விசிறி, படியும் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் எல்லாம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கதவு திறந்து கிடந்தால் கூவும் அலாரமும் வேகமாக உறைய வைக்கும் வசதியும் சாதாரண மாடல்களிலேயே வந்துவிட்டன. மின்செலவை வைத்தும் ஸ்மார்ட்டைக் குறை சொல்ல முடியாது. வைஃபை பகுதி இடைவிடாமல் 2 வாட் இழுத்தாலும் வருடத்துக்கு 17.5 யூனிட்தான். பெரிய திரை பகல் முழுக்க எரிந்தால் மட்டும் கணக்கு ஏறும்.

உள்ளே இருக்கும் கேமராவைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்லலாம். முன்வரிசையில் இருப்பது அதற்குத் தெரியும். பின்னால் இருப்பதும் இழுப்பறைக்குள் இருப்பதும் மூடிய டப்பாவில் இருப்பதும் தெரியாது. எந்தப் பொருள் எப்போது கெடும் என்ற தேதியைப் பல நேரம் நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். முதல் மாதம் செய்வோம், மூன்றாம் மாதம் விட்டுவிடுவோம்.

இவற்றை எல்லாம் விட முக்கியமான கேள்வி, இந்தப் பெட்டி எத்தனை வருடம் முழுதாக வேலை செய்யும் என்பதுதான்.

ஒரு ஃபிரிட்ஜ் 10 முதல் 15 வருடம் ஓட வேண்டிய சாமான். அதில் வழக்கமாகக் கெடுபவை கதவின் ரப்பர் கேஸ்கெட், வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டர், டிஃப்ராஸ்ட் ஹீட்டர், விசிறி மோட்டார், சில சமயம் கண்ட்ரோல் போர்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். தெர்மிஸ்டரின் ரெசிஸ்டன்ஸ் குளிரக் குளிர ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதை மாற்ற வேண்டியதுதான். ஹீட்டரில் கண்டின்யூட்டி (மின்சாரம் பாயும் தொடர்ச்சி) இல்லையென்றால் அது எரிந்துபோயிருக்கிறது. தயாரித்த நிறுவனமே மூடப்பட்டாலும் இந்த வேலைகள் நிற்காது.

ஸ்மார்ட் பகுதி அப்படி இல்லை. அது உயிரோடு இருக்கக் கதவில் இருக்கும் போர்டு, அதன் ஃபிளாஷ் நினைவகம், இயங்குதளத்தின் அப்டேட், பாதுகாப்புச் சான்றிதழ்கள், நிறுவனத்தின் சர்வர், அந்தச் சர்வர் தொடர்புகொள்ளும் வெளிச் சேவைகள் எல்லாமே ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒன்று நின்றாலும் அந்த வசதி நின்றுவிடும். இவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டிலேயே இல்லை.

எல்ஜி நிறுவனம் இணைய ஃபிரிட்ஜை 2000-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. ஆகவே இது புதுக் கதை அல்ல. சாம்சங்கின் பழைய திரை ஃபிரிட்ஜ் ஒன்றில் கூகுள் காலண்டர் வசதி இருந்தது. 2014 இறுதியில் கூகுள் தன் காலண்டர் இணைப்பின் பழைய பதிப்பை நிறுத்தியது, ஃபிரிட்ஜில் இருந்த காலண்டரும் நின்றுபோனது. ஃபிரிட்ஜில் எந்தப் பழுதும் இல்லை. மூன்றாவது ஆள் எடுத்த முடிவு அது. வீட்டுச் சாதனங்களை ஃபோனில் இருந்து இயக்க உதவிய ரெவால்வ் என்ற கருவி 2016 மே மாதத்தில் சர்வர் நிறுத்தப்பட்டதும் வெறும் டப்பாவானது. வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கூகுளின் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டில் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 2025 அக்டோபர் 25-இல் ஆதரவு முடிந்தது. சுவரில் அவை இன்றும் வேலை செய்கின்றன, ஃபோனில் இருந்து இயக்கத்தான் முடியாது. கட்டுப்பாடு சாதனத்திலேயே இருந்ததால் அவை தப்பின என்பதைக் கவனியுங்கள். கீழே இது மறுபடி வரும்.

இன்னும் நுணுக்கமான கோளாறு ஒன்று உண்டு, பலர் இதை ரவுட்டர் பழுது என்று நினைத்து அலைகிறார்கள். சாதனம் சர்வரை நம்புவதற்குத் தன் நினைவகத்தில் சில மூலச் சான்றிதழ்களை வைத்திருக்கும். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2020 மே 30 அன்று ஆட்டிரஸ்ட் என்ற பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் பெறாத பல சாதனங்களும் மென்பொருள்களும் ஒரே நாளில் இணைப்பை இழந்தன. ஃபிரிட்ஜிலும் இதே நடக்கலாம். ரவுட்டரின் பட்டியலில் ஃபிரிட்ஜ் தெரியும், ஐபி எண்ணும் கிடைத்திருக்கும், ஆனால் ஆப் மட்டும் 'இணைப்பில் இல்லை' என்றே சொல்லும். அப்போது முதலில் திரையில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால், நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தெரியும். நேரம் சரியாக இருந்தும், அதே வைஃபையில் மற்ற சாதனங்கள் ஓடியும், ஃபிரிட்ஜ் மட்டும் நாள்கணக்கில் ஒட்டவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சர்வர் பக்கமோ ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பக்கமோதான். அப்டேட் வந்தால் சரியாகும். வராவிட்டால் வீட்டில் இருந்து செய்ய எதுவும் இல்லை.

ரவுட்டரால் வரும் தொல்லையும் உண்டு, அது சரிசெய்யக்கூடியது. பெரும்பாலான வீட்டுச் சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். பழையவற்றுக்கு டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் புரியாது. புது ரவுட்டர் வைக்கும்போது பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுங்கள், 2.4 அலைவரிசையை அணைக்காதீர்கள், பாதுகாப்பை டபிள்யூபிஏ2 – டபிள்யூபிஏ3 கலப்பு முறையில் வையுங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அத்தோடு தீரும்.

ஃபிளாஷ் நினைவகமும் தேயும். ஒவ்வொரு முறை பதிவு எழுதப்படும்போதும் அதன் ஆயுள் கொஞ்சம் குறைகிறது. டெஸ்லா கார்களின் திரையில் 8 ஜிபி நினைவகம் இப்படித் தேய்ந்துபோனதால்தான் 2021-இல் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. காருக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடைத்தது. ஃபிரிட்ஜின் கதவுத் திரைக்கு அது கிடைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. கதவுக்குப் போகும் வயர்க்கட்டும் கவலை தருவதுதான். அது கீல் வழியாகப் போகிறது, கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வளைகிறது. நாளைக்கு 30 தடவை என்று வைத்தால் பத்து வருடத்தில் 1,09,500 வளைவு. திரையும் கேமராவும் சேர்ந்தால் அதில் வயர்களின் எண்ணிக்கை கூடும், எது விட்டுப்போனது என்று தேடும் வேலையும் கூடும்.

பாதுகாப்பு ஓட்டையைப் பற்றிப் பேசும்போது 'என் ஃபிரிட்ஜை ஹேக் செய்து என்ன செய்யப்போகிறார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. 2015-இல் ஒரு சாம்சங் ஃபிரிட்ஜ் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காமலேயே இணைந்ததை ஆய்வாளர்கள் டெஃப் கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் காட்டினார்கள். அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் ஜிமெயில் கடவுச்சொல்லை இடைமறிக்க அது வழிவிட்டது. ஆபத்து ஃபிரிட்ஜில் இருக்கும் பாலுக்கு அல்ல, அதில் உள்நுழைந்திருக்கும் நம் கணக்குக்கு. மிராய் என்ற தீநிரல் 2016-இல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் மாற்றப்படாத ஆரம்பக் கடவுச்சொற்களை வைத்தே கைப்பற்றியது.

சட்டங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான ஆரம்பக் கடவுச்சொல் கூடாது. பாதுகாப்பு அப்டேட் எதுவரை தரப்படும் என்பதையும் நிறுவனம் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும்போது, பொதுவாகக் குறைந்தது 5 வருட ஆதரவு கட்டாயமாகும். நீண்ட நாள் உழைக்கும் பொருளுக்கு அதற்கு மேலும் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. நல்ல மாற்றம்தான். ஆனால் நிறுவனம் குறைந்தபட்சத்தோடு நின்றால், 15 வருடப் பெட்டிக்கு 5 வருட ஆதரவு போக மீதிப் பத்து வருடம் யார் பொறுப்பு?

வாங்கிய பிறகு பொருளே மாறுவதும் இதில்தான் நடக்கும். 2025 செப்டம்பரில் சாம்சங், அமெரிக்காவில் தன் ஃபேமிலி ஹப் ஃபிரிட்ஜ் திரைகளில் விளம்பரம் காட்டும் சோதனையைத் தொடங்கியது. வாங்கும்போது இல்லாத ஒன்று அப்டேட் வழியாகச் சமையலறைக்குள் வருகிறது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஸ்மார்ட் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அலாரச் சத்தம் கேட்காத முதியவர் இருக்கும் வீட்டில், கதவு திறந்திருக்கிறது என்று மகளின் ஃபோனுக்குத் தகவல் போவது பெரிய உதவி. குனியவோ பிடித்து இழுக்கவோ முடியாதவருக்குக் குரலில் திறக்கும் கதவு வசதியானதுதான்.

ஆனால் ஸ்மார்ட் ஃபிரிட்ஜை வாங்கப் பலரும் சொல்லும் முக்கியக் காரணம், வீட்டில் இல்லாதபோது உள்ளே சூடேறினால் தெரிய வேண்டும் என்பது. அதில்தான் அது கைவிடுகிறது. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜோடு அதன் வைஃபையும் சேர்ந்து அணைகிறது. தகவல் மிக அவசியமான நேரத்தில் அதனால் எதையும் அனுப்ப முடியாது. பேட்டரியில் ஓடும் தனி சென்சார் அப்போதும் வேலை செய்யும். ரவுட்டரையும், சென்சாரின் தகவலை அதற்குக் கடத்தும் ஹப்பையும் சின்ன யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டால் போதும், இணைய இணைப்பு இருக்கும்வரை தகவல் வந்துகொண்டிருக்கும். இன்சுலின் போன்ற, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

சென்சார் வைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறாக வைத்துவிட்டு 'பயனில்லை' என்று சொல்பவர்கள் அதிகம். முழு சென்சாரையும் உள்ளே போட்டு மூடினால் உலோக உடல் சிக்னலை அடக்கிவிடும். ஃப்ரீசரின் குளிரில் பட்டன் பேட்டரியின் மின்னழுத்தமும் விழும். அதனால் மெல்லிய வயரின் நுனியில் உணர்முனை உள்ள வகையை வாங்குங்கள். சென்சாரின் பெட்டியை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் வெளியே ஒட்டி, வயரைக் கீல் பக்கமாக கேஸ்கெட்டுக்கு அடியில் உள்ளே விடுங்கள். வயர் நுழையும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் வயரை நகர்த்துங்கள். உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல், ஃபிரிட்ஜ் பகுதியில் 100 மில்லி தண்ணீர் உள்ள சின்னக் குப்பியில் இறக்கிவிடுங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் பொய் அலாரம் வராது. சமையல் பொருளுக்கு 7 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் நின்றால் அறிவிப்பு என்று வையுங்கள். ஃப்ரீசருக்கு மைனஸ் 12. ஃப்ரீசரில் டிஃப்ராஸ்ட் ஓடும்போது காற்றின் வெப்பம் சற்று நேரம் ஏறி இறங்கும், அதனால் அங்கேயும் ஒரு மணி நேரத் தாமதம் தேவை. அறிவிப்பு வந்ததும் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் பகுதி சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஃபிரிட்ஜை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். மின்சாரம் போய் வந்ததும் அணைந்த நிலையிலேயே நிற்கும்படி அமைந்த பிளக்குகள் உண்டு. ஆப்பில் தவறிப்போய் விரல் பட்டாலும் போதும், உள்ளே இருப்பது எல்லாம் வீணாகும்.

மற்ற சாதனங்களுக்கு ஒரே அளவுகோல் செல்லாது. ஏசிக்கு வைஃபை இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. சர்வர் நின்றாலும் கையில் ரிமோட் இருக்கிறது. வாஷிங் மெஷினில் அது வீண். துணியைப் போட்டுக் கதவைச் சாத்த நாம் அங்கே போயாக வேண்டும், தொலைவில் இருந்து தொடங்கவும் பல மாடல்களில் முன்கூட்டியே ஒரு பட்டனை அழுத்தி வைத்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரங்களில் சிலவற்றைக் கவனமாகப் பாருங்கள். தாமதத் தொடக்கம், வெறும் அலசல் போன்ற சாதாரண வேலைகளைக்கூட முகப்பில் இருந்து எடுத்து ஆப்புக்குள் வைத்துவிட்டார்கள். ஆப் நின்றால் அந்த வேலையும் போயிற்று.

மேட்டர் என்ற பொதுத் தரம் 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில் ஃபிரிட்ஜையும் சேர்த்துக்கொண்டது. நிறுவனத்தின் சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் முறை அது. நான் மேலே சொன்ன குறைகளில் சிலவற்றை அது தீர்க்கக்கூடும். ஆனால் அந்தத் தரத்தில் வந்த எந்த ஃபிரிட்ஜும் இன்னும் பத்து வருடம் ஓடவில்லை, ஆகவே அதை நம்பி என் முடிவை மாற்றிக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

இதற்குப் பிறகும் திரை வைத்ததுதான் வேண்டும் என்றால், வாங்கும் முன் வைஃபையும் கணக்கும் இல்லாமல் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலையை மாற்றத் திரையைத் தவிர வேறு பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள். கம்ப்ரசரை ஓட்டும் போர்டு பொதுவாகத் தனியாக இருப்பதால் திரை செத்தாலும் குளிர் நிற்காது. ஆனால் பட்டன் இல்லையென்றால் கடைசியாக வைத்த அளவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கதவுத் திரை தனி உதிரி பாகமாகக் கிடைக்குமா, முழுக் கதவையே மாற்ற வேண்டுமா என்பதையும், அப்டேட் முடியும் வருடத்தையும் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் விருந்தினர் வைஃபையில் மட்டும் இணையுங்கள். முதன்மை மின்னஞ்சலை அதில் உள்நுழைக்காதீர்கள்.

விற்கும்போதும் வரிசை முக்கியம். முதலில் ஆப்பில் உங்கள் கணக்கில் இருந்து ஃபிரிட்ஜை நீக்க வேண்டும், பிறகு குரல் உதவியாளர் இணைப்பை வெட்ட வேண்டும், கடைசியில் ஃபேக்டரி ரீசெட். கணக்கில் இருந்து நீக்காமல் கொடுத்துவிட்டால் வாங்கியவர் புதிதாகப் பதிவு செய்ய முடியாமல் நிற்கலாம், அவர் வீட்டு ஃபிரிட்ஜ் உங்கள் ஃபோனில் தெரிந்துகொண்டும் இருக்கலாம். திரை செத்துப்போய் ரீசெட் செய்யவே வழியில்லை என்றால், ஃபிரிட்ஜ் வீட்டை விட்டுப் போன அன்றே உங்கள் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அந்தப் போர்டின் நினைவகத்தில் பழைய கடவுச்சொல் இன்னும் இருக்கும்.