கழிவுநீர்க் குளத்துக்குத் தடுப்புத் திரை: பெற்ற சேவை பற்றிய மதிப்பீடு

மட்டக்குளியிலுள்ள எமது உணவுத் தொழிற்சாலையின் கழிவுநீர்க் குளத்தில் நீரோட்டத்தைச் சீர்செய்யக் கொழும்பு நிறுவனமொன்றை நாடினோம். எடுத்த எடுப்பிலேயே குளத்தைப் பெரிதாக்கச் சொல்லாமல், நீர் உட்புகும் குழாயருகே ரோடமைன் என்ற செந்நிறச் சாயத்தைக் கலந்து அவர்கள் சோதித்தது பாராட்டுக்குரியது. பல நாட்கள் தங்கித் தெளிய வேண்டிய நீரின் ஒரு பகுதி, செந்நிறப் பட்டையாக ஒரே கரையை ஒட்டி ஓடி, அன்று மாலையே வெளிவாயிலை எட்டியதைக் கண்ணாரக் கண்டோம்; எதிர்மூலையில் நீர் அசையவேயில்லை.

பின்னர், குளத்தின் அகலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் நீளும் இரண்டு திரைகளை, மேலே மிதவையும் அடியில் சங்கிலிப் பாரமுமாக, எதிரெதிர்க் கரைகளிலிருந்து கட்டினார்கள். இப்போது நீர் வளைந்து சென்று முழுக் குளத்தையும் பயன்படுத்துகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு விதிக்கப்பட்டுள்ள, லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்ற உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவு) எல்லையை முன்னர் அடிக்கடி தாண்டிய எமது நீர், இன்று அதற்குள் நிற்கிறது.

சேறு அகற்றும் பணியை விலைமனுவில் சேர்க்காதது பெருங்குறை. படிந்த சேறு கொள்ளளவைத் தின்றுவிட்டால் எந்தத் திரையாலும் முழுப் பயன் கிடைக்காது என்பதால், அதனையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.