வடபழனி ஆப்ஷன் டிரேடிங் கிளாஸ்: பாடம் நல்லா இருக்கு, அந்த ரேங்க் லிஸ்ட்ட தூக்குங்க

வடபழனி 100 அடி ரோட்ட ஒட்டி ஒரு மாடில நடக்குற ஆப்ஷன் டிரேடிங் கிளாஸ் பத்தி எழுதுறேன். (ஆப்ஷன்னா ஒரு பங்கையோ இண்டெக்ஸையோ ஒரு தேதில, முன்னாடியே குறிச்ச விலைக்கு வாங்கவோ விக்கவோ கெடைக்குற உரிமை. அந்த உரிமைய வாங்கி விக்குறதுதான் ஆப்ஷன் டிரேடிங்.) பேர் போடல. எனக்குத் தெரிஞ்சு வேளச்சேரி, அண்ணா நகர் பக்கமும் இதே மாதிரி கிளாஸ், இதே மாதிரி டெலிகிராம் க்ரூப்போட ஓடுது, அதனால ஒருத்தர மட்டும் பிடிச்சு திட்டுறதுல அர்த்தம் இல்ல. மார்க் 5க்கு 2.5. பாடத்துக்கு மட்டும்னா தாராளமா 4 குடுப்பேன், மீதிய க்ரூப்புல வாராவாரம் போடுற ரேங்க் லிஸ்ட் சாப்பிட்டுருச்சு.

நான் பிளஸ் டூ பசங்களுக்கு எகனாமிக்ஸ் எடுக்குறவ. டிரேடிங்ல சம்பாதிக்கணும்னு சேரல, எங்க தம்பி சேர்ந்தான், அவன் அங்க என்ன கத்துக்குறான்னு தெரிஞ்சுக்கணும்னு கூடவே பணம் கட்டி உக்காந்தேன்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். சொல்லிக்குடுக்குற சார் எதையும் மறைக்கல. மொத கிளாஸ்லயே, பங்குச் சந்தைய கண்காணிக்கிற செபியோட ஆய்வ போர்டுல எழுதிப்போட்டாரு: 2022 நிதியாண்டுல இருந்து 2024 வரைக்கும் எஃப் அண்ட் ஓ-ல (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) எறங்குன தனிநபருங்க 1 கோடிக்கு மேல, அதுல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்கு 2 லட்சம் வாக்குல. செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல லாபம் பாத்தது 1 சதவீதம் பேர்தான். 2025 நிதியாண்டுலயும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தமா 1 லட்சத்து 5 ஆயிரம் கோடிக்கு மேல போயிருக்கு. இத சொல்லிட்டு "இப்பவும் கத்துக்கணும்னா உக்காருங்க, இல்லன்னா ஃபீஸ் ரிட்டர்ன் வாங்கிக்கலாம்"னு சொன்னாரு, ரெண்டு பேர் நெஜமாவே எழுந்து போய் வாங்கிக்கிட்டாங்க, கேள்வி கேக்காம குடுத்தாரு. அதுக்கு தனியா ஒரு பாராட்டு.

பாடமும் தெளிவு. எக்ஸ்பைரி (ஆப்ஷன் காலாவதி ஆகுற நாள்) நெருங்க நெருங்க பிரீமியம், அதாவது ஆப்ஷனோட விலை, தானா கரையும், நிஃப்டி இண்டெக்ஸ் நின்ன எடத்துலயே நின்னாலும் ஆப்ஷன் வாங்குனவன் பணம் போகும்ங்கறத பழைய சார்ட்ட வச்சு நிமிஷம் நிமிஷமா காட்டினாரு. (பழைய சார்ட்டுதான் வைக்கணும், பாடம் மட்டும் நடத்துறவங்க கடைசி மூணு மாச விலைய வச்சு பங்கு பேர் சொல்லி பேசக்கூடாதுன்னு 2025 ஜனவரில செபி சர்க்குலர் போட்டுச்சு, அத ஒழுங்கா கடைபிடிக்கிறாரு.) ஒரு டிரேடுல மொத்த பணத்துல 2 சதவீதத்துக்கு மேல இழக்குற மாதிரி எறங்காதீங்கன்னு ஒவ்வொரு கிளாஸ்லயும் சொன்னாரு. ஏசி ஓகே. சேர் மட்டும் இடுப்ப ஒடிக்குது.

இப்ப பிரச்சனைக்கு வரேன். கிளாஸ்ல சேர்ந்ததும் டெலிகிராம் க்ரூப்புல போட்டுருவாங்க. அவங்கவங்க சொந்த அக்கவுண்ட்ல அந்த வாரம் எத்தனை சதவீதம் லாபம், எத்தனை நஷ்டம்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பணும், சனிக்கிழமை ராத்திரி மொதல் ஆள்ல இருந்து கடைசி ஆள் வரைக்கும் பேர் போட்டு லிஸ்ட் வரும். மொத மூணு பேருக்கு கோப்பை படம், கைதட்டு, "தலைவா"ன்னு மெசேஜ் கொட்டும். கடைசில இருக்குறவங்க பேரும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இந்த லிஸ்ட் வர ஆரம்பிச்சப்புறம் அந்த 2 சதவீத ரூல யாரும் மதிக்கல, அதுதான் உண்மை.

க்ரூப்புல ஒரு பெரியவர், பேங்க்ல பிராஞ்ச் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர். பென்ஷன் வருது, சொந்த வீடு, பசங்க செட்டில் ஆகிட்டாங்க, பணத்துக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. டீ பிரேக்ல பேசிட்டு இருக்கும்போது ஒரு விஷயம் சொன்னாரு. ரிட்டயர் ஆகி கொஞ்ச நாள் கழிச்சு அவர் உக்காந்த அதே பிராஞ்சுக்கு பாஸ்புக் என்ட்ரி போட போயிருக்காரு, கவுண்டர்ல புதுசா வந்த பையன் நிமிந்துகூட பாக்காம டோக்கன் எடுத்துட்டு உக்காருங்கன்னானாம். சொல்லும்போது கண்ணாடிய கழட்டி சட்டை நுனில தொடச்சுக்கிட்டே இருந்தாரு, தொடைக்க அதுல ஒண்ணும் இல்ல. ஆரம்பத்துல ஒரு லாட்டுக்கு (வாங்கக்கூடிய கொறஞ்சபட்ச அளவு) மேல தொடாத மனுஷன், ஒரு வாரம் லிஸ்ட்ல மூணாவது வந்தாரு, பசங்க எல்லாம் "சூப்பர் சார், எப்படி சார்"னு கேட்டாங்க, அதுக்கு ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா பெரிய பெரிய பதில் டைப் பண்ணாரு. அடுத்த வாரம் சரிஞ்சு நடுவுல எங்கயோ போயிட்டாரு. அதுக்கடுத்த செவ்வாய்க்கிழமை, எக்ஸ்பைரி அன்னிக்கு, மார்க்கெட் முடிய ஒரு மணி நேரம்தான் இருக்கு, மார்க்கெட் ரொம்ப மேல ஏறுனாதான் காசு தர்ற, பத்து ரூபாய்க்கும் கம்மியா கெடைக்குற கால் ஆப்ஷன கட்டுக்கட்டா வாங்கி ஸ்க்ரீன்ஷாட் போட்டாரு. மூணரைக்கு அது முழுசா ஜீரோ. ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல பாத்தப்ப என்கிட்ட "அடுத்த வாரம் விட்டத பிடிச்சிரலாம்மா"ன்னாரு. ஏறுனதுக்கும் எறங்குனதுக்கும் நடுவுல அவர் பென்ஷன் ஒரு ரூபா கொறையல, கொறஞ்சது அந்த "சார்"தான்.

எங்க தம்பி கதையும் அப்படித்தான். ஓஎம்ஆர்ல டீம் லீடா இருந்தவன், லேஆஃப் ஆகி இப்ப கம்மி சம்பளத்துல வேற கம்பெனி. அந்த வேலைல இருந்த வரைக்கும் ஆர்டி, எஃப்டி தவிர எதுலயும் கைய வைக்க மாட்டான், மியூச்சுவல் ஃபண்டுக்கே நாலு தடவ யோசிப்பான். சம்பளம் பாதியானவன் முன்ன விட ஜாக்கிரதையா இருக்கணும் இல்லையா, இவன் நேர்மாறா போனான். கல்யாண வீட்டுல யாராவது "இப்ப எங்கப்பா வேல"ன்னு கேட்டா அன்னிக்கு ராத்திரியே மொபைல்ல ஆப்ஷன் செயின் (ஆப்ஷன் விலைப் பட்டியல்) தொறந்து உக்காந்திருப்பான். "அக்கா, பழைய எடத்துக்கு ஒரே ஒரு தடவ வந்துட்டா போதும், அப்புறம் நிறுத்திருவேன்"னு சொல்லுவான்.

இதுக்கு மாறா சைதாப்பேட்டைல ஹார்ட்வேர் கடை வச்சிருக்குற ஒரு அண்ணன். லிஸ்ட்ல எப்பவும் நடுவுல இருப்பாரு, அத தொறந்துகூட பாக்க மாட்டாரு. கடைல அவர் சொன்னா சொன்னதுதான், தெருவுல மரியாதை அப்படியே இருக்கு, அவருக்கு இந்த க்ரூப்புல நிரூபிக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரமா மொதல் எடத்துல இருந்த ஒரு காலேஜ் பையன் வேற தினுசு, மூணாவது வாரம் டிரேடே பண்ணல. கேட்டா "மேல இருக்கேன்ல மேடம், எதுக்கு கெடுத்துக்கணும்"னான்.

நான் என் பிளஸ் டூ பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறதுதான் இது. 1979ல கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டாங்க: 3000 நிச்சயமா போகும், இல்லன்னா 80 சதவீத வாய்ப்புல 4000 போகும், எது வேணும்? கேட்டவங்கள்ல 92 சதவீதம் பேர் ரெண்டாவத எடுத்தாங்க, கணக்குப்படி அதுதான் அதிக நஷ்டம். அதே எண்ணு, நஷ்டத்துக்கு பதிலா லாபம்னு மாத்தி கேட்டா 80 சதவீதம் பேர் நிச்சயமா வர்ற 3000த்த எடுத்துக்கிட்டாங்க. இழந்ததோட மனசு சமாதானம் ஆகாதவன், சாதாரணமா தொடாத சூதுலயும் எறங்குவான்னு அவங்க அப்பவே எழுதிட்டாங்க. அவங்க கேட்டது பணக் கணக்கு, ஆனா வாழ்ந்து கெட்டவன் கையில இருக்குற காச வச்சு கணக்கு போடுறதில்ல, இருந்த எடத்த வச்சுத்தான் போடுறான், அத நான் இந்த ஹால்ல கண்ணால பாத்தேன்.

அதுக்கும் முன்னாடி 1948லயே ஃப்ரீட்மன், சாவேஜ்னு ரெண்டு பேர், பொருளாதார ஆய்வுல, ஒரே ஆள் ஏன் இன்சூரன்ஸும் எடுக்குறான், லாட்டரியும் வாங்குறான்னு கேட்டாங்க. கொஞ்சம் பணம் கூடுனா அதே தெருவுல அதே மாதிரிதான் இருப்போம், ஒரு பெரிய தொகை வந்தா ஆள் போய் வேற வரிசைல உக்காரலாம், அந்த தாண்டுதலுக்குத்தான் அவ்வளவு ஆசைன்னு வெளக்கம் குடுத்தாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிய தடை பண்ணியாச்சு, அந்த ஆசைக்கு யார் தடை போட முடியும், அது இப்ப பத்து ரூபா கால் ஆப்ஷனா மொபைலுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. செபி ஆய்வுப்படி 2024 நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல முக்கால்வாசிக்கு மேல வருஷ வருமானம் 5 லட்சத்துக்கு கீழ. 30 வயசுக்கு கீழ இருக்குறவங்க ஒரே வருஷத்துல 31ல இருந்து 43 சதவீதம் ஆகிட்டாங்க. இவங்கள வெறும் பேராசைக்காரங்கன்னு சொல்றவங்க மேல எனக்கு கோவம்தான் வருது. ஏறுறதுக்கு வேற படி கண்ணுக்கு தெரியாதவங்கதான் நெறைய பேர்.

இத எல்லாம் சார்கிட்ட நேர்லயே பேசினேன். "மேடம், போட்டி இருந்தாதான் ஒழுங்கா படிப்பாங்க"ன்னாரு. படிக்கிறதுக்கு போட்டி வைங்க, டெஸ்ட் வச்சு மார்க் போடுங்க, யாரு ஸ்டாப் லாஸ் (இவ்வளவு நஷ்டம் வந்தா வெளிய வந்துரணும்ங்கற எல்லை) மதிச்சாங்கன்னு லிஸ்ட் போடுங்க, லாப சதவீதத்துக்கு ஏன் ரேங்க்னு கேட்டேன். 1996ல பிரவுன், ஹார்லோ, ஸ்டார்க்ஸ்னு மூணு பேர் அமெரிக்காவுல 334 மியூச்சுவல் ஃபண்டோட 1976ல இருந்து 1991 வரைக்குமான கணக்க எடுத்து பாத்தாங்க, வருஷ நடுவுல பின்தங்கி இருந்த ஃபண்ட் மேனேஜருங்க மீதி வருஷத்துல முன்னாடி இருந்தவங்கள விட ரிஸ்க்க ஏத்திருக்காங்க. சம்பளத்துக்கு அடுத்தவங்க பணத்த நிர்வாகம் பண்ற ஆளுங்களே ரேங்க பாத்து அப்படி ஆடும்போது, வேல போனவனும் ரிட்டயர் ஆனவரும் சொந்த சேமிப்ப வச்சு எப்படி ஆடுவாங்க? அவர் கோவப்படல, கேட்டுக்கிட்டாரு. அடுத்த வார லிஸ்ட்ல கடைசி பத்து பேர தூக்கிட்டாங்க. மொத மூணும் கோப்பையும் அப்படியே இருக்கு. அது பாதி வேலைதான், லிஸ்ட்ல பேர் இல்லன்னா கீழ இருக்கோம்னு எல்லாருக்கும் தெரியும்.

சேரலாமான்னு கேக்குறவங்களுக்கு: சம்பளமோ வியாபாரமோ நிலையா இருக்கு, ஆப்ஷன்னா என்னன்னு புரிஞ்சா போதும்னு நெனைக்கிறவங்க தாராளமா சேருங்க, பாடத்துக்கு குடுத்த காசு வீண் போகாது, ஆனா க்ரூப்புல இருந்து மொத நாளே வெளிய வந்துருங்க, நோட்ஸ் கேட்டா மெயில்ல தனியா அனுப்புறாங்க. வேல போய் ஆறு மாசம் ஆகல, தொழில் நொடிஞ்சிருக்கு, டைவர்ஸ், ரிட்டயர்மென்ட், இந்த மாதிரி சமீபத்துல ஏதாவது நடந்திருந்தா இப்ப சேராதீங்க, உங்க வீட்டு ஆளு அப்படி இருந்தா தடுக்கப் பாருங்க, திட்டாம தடுங்க, திட்டுனா இன்னும் பெருசா எறங்குவாங்க. எங்க தம்பி இன்னும் க்ரூப்புலதான் இருக்கான். அக்கவுண்ட்ல வைக்கிற பணத்துக்கு மட்டும் ஒரு அளவு ஒத்துக்கிட்டிருக்கான், அதுக்கு மேல நான் இன்னும் பேசிட்டுதான் இருக்கேன்.

பார்க்கிங் சுத்தமா கெடையாது, வடபழனி மெட்ரோல எறங்கி நடந்துருங்க. காலை பேட்ச்ல கூட்டம் கம்மி, டவுட் கேக்க டைம் கெடைக்கும். ஃபீஸ ரெண்டு தவணையா கட்டலாம், கேட்டாதான் சொல்றாங்க.